வெள்ளகவிக்கு இறங்கிய நாள்

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் இருந்து, மலைச்சரிவில் கீழே இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்குக் காலை ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கினேன். டால்பின் நோஸ் என்ற பாறைமுனை வரைதான் கூட்டம். அதைத் தாண்டினால் நானும் என் முழங்காலும்தான்.

வழியோரப் புதரைப் பார்த்து, "இது குறிஞ்சியாண்ணே?" என்றேன். காப்பி மூட்டையோடு குதிரை ஓட்டி வந்தவர் சிரித்தார். "2018-ல பூத்துச்சு. இனி 2030-ல வாங்க." சரி, பன்னிரண்டு வருடக் கணக்கு எனக்கும் தெரியும்தான், ஆசை விடவில்லை. பாறைக் கசிவில் காட்டுக் காசித்தும்பை மட்டும் பூத்திருந்தது. நகத்தளவு இளஞ்சிவப்பு, பின்னால் மயிரிழை போல வளைந்த வால்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் மாதிரி. ஷூவைக் கழற்றினேன். உள்ளே இரண்டு அட்டைகள், நன்றாகக் குடித்து உருண்டு கிடந்தன.