ஃபைபர் ஊருக்குள் வந்த பிறகுதான் வேலையே

ஊருக்கு ஃபைபர் வந்துவிட்டது என்பதும் ஊரில் நெட் ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல. தொலைவில் உள்ள மருத்துவரிடம் வீடியோவில் காலில் உள்ள புண்ணைக் காட்டுகிற பாட்டிக்கு 100 எம்பிபிஎஸ் எதற்கு? அப்லோடில் 2 எம்பிபிஎஸ் விட்டுப்போகாமல் கிடைத்தால் போதும். அந்த ‘விட்டுப்போகாமல்’தான் கிராமத்தில் கஷ்டம்.

ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ‘ஜிபான்’ முறையில், ஒளி எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கைப் பாருங்கள். ஒளியை அனுப்பும் தலைமைப் பெட்டியான ஓஎல்டியிலிருந்து +3 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) கிளம்புகிறது என்று வைப்போம். 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சுமார் 17 டெசிபலைத் தின்றுவிடும். 10 கி.மீ. கேபிளில் 3, கனெக்டர், ஜாயின்ட் எல்லாம் சேர்த்து 2. வீட்டுக்கு வந்து சேர்வது மைனஸ் 19. வீட்டில் அதை வாங்கும் பெட்டியான ஓஎன்டி மைனஸ் 27 வரை தாங்கும் என்பதால் 8 டெசிபல் கையிருப்பு. தாராளம்தான், ஆனால் ஆணியில் இறுக்கிச் சுற்றிய ஒரே ஒரு வளைவு இதில் பாதியை விழுங்கிவிடும்.

ஓஎன்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால், தோண்டக் கிளம்புவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தூசிதான். சட்டை நுனியில் துடைக்கக்கூடாது, அதற்கென்றே க்ளீனர் பேனா இருக்கிறது. ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவும் கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பச்சைக் கனெக்டரை நீல அடாப்டரில் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலத்தோடு ஒட்டி உட்காராது.

அடுத்தது கரண்ட். ஓஎன்டி 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால்கூட, 7 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதி வரை இறக்கினால் மூன்று மணி நேரம் தாங்கும். ஆனால் ஓஎல்டி பெட்டிக்கு பேட்டரி இல்லையென்றால் வீட்டு பேட்டரியால் பயனே இல்லை. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

கேபிள் போகாத மேட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் போதும். எதிர்க் கோபுரம் கண்ணில் பட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். 10 கி.மீ. தூரத்துக்கு நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றி 7 மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். கோடையில் ஓடிய லிங்க், மரம் தழைத்ததும் படுத்துவிடுவது இதனால்தான்.

எங்கேயோ இருக்கும் டெக்னீஷியனை நம்பினால் கேபிள் ஒரு முறை அறுந்தால் ஒரு வாரம். ஊரிலேயே இருவருக்கு, ஒளியை அளக்கும் பவர் மீட்டரும் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங்கும் பழக்கிவிடுங்கள். கேபிள் போடும்போதே ஆங்காங்கே 10 மீட்டர் சுருட்டி விட்டுவையுங்கள். அது இல்லாமல் அறுந்தால் இரண்டு முனையும் எட்டாது. நடுவில் துண்டு வைத்து, ஒரு ஜாயின்டுக்கு இரண்டு ஜாயின்ட் போட வேண்டிவரும்.