மாடிக் கசிவு: கடைசியில் பிடிபட்டது குழாய் வாய்

ஒரு வழியாகக் கசிவு நின்றது. விடிய விடியப் பெய்த மழைக்குப் பிறகும் சீலிங்கில் புது ஈரம் இல்லை. பழைய கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கறை அந்தக் கோட்டுக்குள்ளேயே கிடக்கிறது. தளத்தையே உடைத்துப் புதிதாகப் போட்டால்தான் உண்டு என்று அடித்துச் சொன்ன ஒப்பந்தக்காரரை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மாடி ஒழுகுகிறது என்பதற்கும் மாடியின் ஆயுள் முடிந்துவிட்டது என்பதற்கும் சம்பந்தம் குறைவு. தண்ணீருக்கு எங்கோ வழி கிடைத்திருக்கிறது, ஒழுகலுக்கு அர்த்தம் அவ்வளவுதான். தளம் தாங்குமா என்பதை உள்ளே இருக்கும் கம்பிதான் சொல்ல வேண்டும். அதனால் நீர் புகாமல் தடுக்கும் கோட்டிங் வாளியைத் திறப்பதற்கு முன் கம்பியின் நிலவரத்தைப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு சீலிங்கை அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இடம் 'டங்' என்று பதில் சொல்லும். கம்பி துருப்பிடித்த இடம் 'டொப்' என்று செத்த சத்தம் கொடுக்கும். துருவுக்குத் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் கிடைக்காதபோது கீழே இருக்கும் காங்கிரீட்டை நெட்டித் தள்ளும். அப்படிப் பிரிந்த அடுக்குதான் பின்னால் பாளம் பாளமாகத் தலையில் விழுவது. என் தளத்தில் ஓரிடத்தில் 'டொப்' கேட்டது. கொத்திப் பார்த்தால் பூச்சு மட்டும் விட்டிருந்தது, காங்கிரீட் கல்லாக இருந்தது. வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். காங்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து வெளியே விட்ட தடம் அது. சம இடைவெளியில், நேர்க்கோடாக, துரு நிறத்தில் விரிசல் தெரிந்தால்தான் வயிற்றில் புளி கரைய வேண்டும். அது கம்பி ஓடும் கோடு.

கொத்திய அதே இடத்தில் இன்னொன்றும் செய்து பார்த்தேன். பள்ளி ஆய்வகத்தில் அமிலமா காரமா என்று பார்க்கப் பினாப்தலீன் வைத்திருப்பார்களே, அதுதான். காங்கிரீட்டில் காரத்தன்மை நன்றாக இருக்கும்வரை, அதாவது பி.எச். 12, 13 என்று நிற்கும்வரை, கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். புதிதாக உடைத்த பரப்பில் தூசியை ஊதிவிட்டுப் பினாப்தலீன் தெளித்தால், காரம் உள்ள பகுதி பளிச்சென்று ரோஸ் நிறமாகும். காரம் போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். எனக்கு வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய வரிதான் நிறமில்லாமல் நின்றது, உள்ளே முழுக்க அடர்ந்த ரோஸ். கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனம்) உள்ள தளத்துக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

கம்பியே வெளியில் தெரிகிற தளமாக இருந்தால், துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனைப் பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் 'ஒரு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பில் 23 சதவீதம் காணாமல் போயிருக்கும். அந்தக் கட்டத்தில் நம் கைவேலையை மூட்டை கட்டிவிட்டுக் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான். தளம் நடுவில் தொய்ந்திருந்தாலும் அப்படியே. தளத்தை மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும், சீலிங்கில் கறை வந்தவுடன் அல்ல.

சரி, தளம் பிழைத்தது. தண்ணீர் எங்கே இறங்குகிறது?

சொட்டுவது அறையின் நடுவில், மின்விசிறிக் கொக்கி வழியாக. அதற்கு நேர் மேலே மாடியில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. காங்கிரீட்டுக்குள் ஒயருக்காகப் பதித்த குழாய் தண்ணீருக்கு ராஜபாட்டை; எங்கேயோ நுழைந்து எங்கேயோ வந்து சொட்டும். (மெயினை அணைக்காமல் அந்த இடத்தில் யாரும் கை வைத்துவிடாதீர்கள்.) மணல் மூட்டைகளை வைத்து மாடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தேன். தாழ்ந்த பக்கத்துப் பாத்தியில் முதலில் தண்ணீர் தேக்கி, ஒரு முழு நாள் விட்டுப் பார்த்து, பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் சேர்த்து நிரப்பினால் எது ஒழுகியது என்று தெரியாது. இன்னொரு விஷயம்: 50 மி.மீ. தேக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். நான் அதில் பாதிதான் வைத்தேன். கம்பியில் சந்தேகம் இருக்கிற தளத்தில் இந்தச் சோதனையே கூடாது.

மாட்டியது முதல் பாத்தியிலேயே. மழைநீர் இறங்கும் குழாயின் வாய். மற்ற பாத்திகளையும் விடாமல் பார்த்தேன், ஒன்றும் சொட்டவில்லை.

இந்தக் குழாய் வாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பி.வி.சி. குழாயைக் காங்கிரீட்டில் சொருகிச் சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டுப் போவதுதான் வழக்கம். அதே வெயிலுக்குக் காங்கிரீட் நீளுவதைப் போல ஐந்து மடங்கு பி.வி.சி. நீளும். பகலில் நீண்டு, இரவில் சுருங்கி, தினமும் இந்தக் கூத்துதான். போதாக்குறைக்குக் குழாயின் வழவழப்பில் சிமென்ட் ஒட்டவே ஒட்டாது. ஒட்டியது போல நடிக்கும். என் குழாயைச் சுற்றி யார் யாரோ வந்து அப்பிய சிமென்ட் அடுக்கடுக்காக இருந்தது. எல்லாவற்றையும் உளியால் எடுத்த பிறகு பார்த்தால், குழாய்க்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது.

இங்கே மறுபடியும் சிமென்ட் வைப்பதில் பயனில்லை. குழாயைச் சுற்றி 12 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் எடுத்தேன். கிரைண்டர் வட்டத்துக்கு வளையாது, அதனால் மெல்லிய உளியும் பொறுமையும்தான். அதிர்ச்சியில் குழாய் விரிசல் விடாமல் இருக்க, துணி சுற்றிய மரக்கட்டை ஒன்றைக் குழாய்க்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன். பள்ளத்தின் அடியில் நுரைக்கயிறு. அகலத்தைவிடக் கொஞ்சம் தடிமனான கயிறாக எடுத்து அமுக்கினால்தான் நிற்கும். அதன் மேல் 6 மி.மீ. ஆழத்துக்குப் பாலியூரித்தேன் சீலன்ட், அதாவது இழுபடக்கூடிய அடைப்புப் பசை. கயிறு எதற்கு என்றால், சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட இடமில்லாமல் கிழிந்துவிடும். குழாய்ப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவதை விட்டுவிடக் கூடாது. தூசியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் வேக்குவம் வைத்து உறிஞ்சிவிடுங்கள். ஈரமான பள்ளத்தில் சீலன்ட் சரியாகப் பிடிக்காது. சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அதன் மேல் எந்தக் கோட்டிங்கும் நிற்காது.

சீலன்ட் முழுதாக இறுகும்வரை காத்திருந்து, கண்ணாடி இழை வலையை வட்டமாக வெட்டி, நடுவில் கீறி, இதழ்களைக் குழாய்க்குள் மடித்து இறக்கினேன். வலையை ஈரக் கோட்டிங்கில் அமுக்கி, அதன் மேல் இன்னொரு கோட். கோட்டிங் குழாயின் உள்ளேயே கொஞ்ச தூரம் இறங்க வேண்டும். விளிம்பிலேயே நிறுத்தினால் தண்ணீர் அந்த விளிம்பையே கிளப்பும். அந்த இதழ்களைச் சுருக்கமில்லாமல் படிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது யார் வந்தாலும் மாடிக்கு அழைத்துப் போய் அதைத்தான் காட்டுகிறேன்.

பொருள் வாங்குவது தனிப் புலம்பல். வாளியின் மேல் பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நான் பார்ப்பதில்லை. எந்தத் தடிமனில் அடித்தால் அத்தனை வருஷம் என்று தொழில்நுட்பத் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தத் தடிமனுக்கு ஒரு வாளி எத்தனை சதுர மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டால், விற்பவர் வாயால் சொன்னது பெரும்பாலும் ஒத்துவராது. தயாரித்த தேதியையும் பாருங்கள். நுரைக்கயிறு கேட்டால் முழுச் சுருளாகத்தான் தருவேன் என்றார்கள். வாங்கிவிட்டேன், இனி ஆயுசுக்கும் காணும்.

மாடி முழுவதற்குமான வெள்ளைக் கோட்டிங் இன்னும் பாதியில் நிற்கிறது. முதல் கோட் ஆயிற்று. இரண்டாவதை அதற்குக் குறுக்கு வாக்கில் அடிக்க வேண்டும். அதற்குள் மழை வந்துவிட்டது. பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன். காலையில் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி. தளம் இன்னும் மூச்சு விடுகிறது, இப்போது அடித்தால் கொப்புளம்தான். உச்சி வெயிலிலும் அடிக்க மாட்டேன், மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே காயாமல் நிற்கும்.

காத்திருக்கிற நேரத்தில் அடுத்த வேலைக்கு மனசு தாவிவிட்டது. குழாய் வாயில் இருக்கும் தட்டையான சல்லடையை ஓர் இலையே மூடிவிடுகிறது. கூம்பு வடிவத்தில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதோடு கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து 50 மி.மீ. உயரத்தில், ஒரு வழிவாய் வைக்க வேண்டும். குழாய் என்றாவது அடைத்துக்கொண்டால் மாடி குளமாகாமல் தண்ணீர் வெளியே கொட்டும். கொட்டுகிற சத்தத்திலேயே அடைப்பு என்று தெரிந்துவிடும். இடத்தைக் குறித்தாகிவிட்டது. ஓட்டை போடக் கோர் கட்டரை (சுவரை வட்டமாகத் துளைக்கும் இயந்திரம்) வாடகைக்கு எடுப்பதா, திரும்பவும் உளியோடு மல்லுக்கட்டுவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கோர் கட்டர் வைத்துச் செங்கல் சுவரில் போட்டவர்கள் இருந்தால், பின்பக்கம் பூச்சு பெயராமல் எப்படி எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.