மாஃபெக்கிங் நீல அஞ்சல்தலை

அஞ்சல்தலையில் சாரணர் என்றால் எல்லாரும் 1960இல் நார்மன் ராக்வெல் வரைந்த அமெரிக்கத் தலையைக் காட்டுவார்கள். அழகுதான். ஆனால் என் மனசு தென்னாப்பிரிக்க ஊரான மாஃபெக்கிங்கில் 1900இல் வந்த ஒரு பென்னி தலையில்தான் நிற்கிறது.

தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் (அங்கே குடியேறிய டச்சு வழியினர்) பிரிட்டிஷார் வசமிருந்த அந்த ஊரை 217 நாள் முற்றுகையிட்டிருந்தார்கள். சாரணர்களுக்கு முன்னோடி எனப்படும் கேடட் படைப் பையன்கள்தான் உள்ளூர்க் கடிதங்களைச் சுமந்தார்கள். வெளியிலிருந்து தலைகள் வர வழியில்லை. சரி, நாமே அச்சடிப்போம் என்று கட்டட வரைபடங்களைப் பிரதி எடுக்கும் அதே நீலப்படி முறையில் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அந்த நீலம். கொஞ்சம் மங்கலாக, புகைப்படம் மாதிரியே இருக்கும்.

அதில் ராணி விக்டோரியா இல்லை. கேடட்களின் சார்ஜண்ட் மேஜர், வார்னர் குட்இயர் என்ற சிறுவன், சைக்கிளோடு இருக்கிறான். மூன்று பென்னி தலையில் தளபதி பேடன் பவல். சாரணர் இயக்கத்தை அவர் தொடங்கியது அப்புறம், 1907இல்.

அதே முற்றுகையில் ஊரைக் காத்து, பட்டினியும் கிடந்த பரோலாங் என்ற உள்ளூர் ஆப்பிரிக்க மக்களுக்கு ஒரு தலைகூட அச்சாகவில்லை. அது உறுத்தத்தான் செய்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: போலிகள் ஏராளம். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் கை வைக்காதீர்கள்.