தகரக் கொட்டகை பட்டறையான கதை

மதுரைப் பக்கம் நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 16க்கு 10 அடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வீடு கட்டும்போது சிமெண்ட் மூட்டை அடுக்குவதற்காகப் போட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு அதில்தான் தச்சு வேலை பழகினேன். பேத்திக்கு நடைவண்டி செய்ய ஆரம்பித்த சித்திரை மாதம், காலை பத்து மணிக்கு மேல் உள்ளே நிற்கவே முடியவில்லை. பெவிகால் தடவிய பலகையை ஒட்ட எடுப்பதற்குள் ஆடை கட்டிவிடும். வியர்வை சொட்டி பென்சில் கோடு கலங்கும்.

இரண்டு மின்விசிறி போட்டுப் பார்த்தேன். உடம்பில் காற்று பட்டது. உச்சந்தலை மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஏசி வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருநாள் மதியம் வந்து, தொடாமலே சூட்டை அளக்கும் கருவியைக் கூரைப் பக்கம் காட்டினான். தகரத்தின் அடிப்பக்கம் 61 டிகிரி. சாதாரண தெர்மாமீட்டரில் மேசை மட்டத்துக் காற்று 42. வெளியே வேப்பமர நிழலில் 38.

"மாமா, நீங்க அடுப்புக்குக் கீழ நின்னு இழைச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றான்.

அவன் சொன்னது அப்படியே உண்மை. காய்ந்த தகரம் தணலைப் போல வெப்பத்தைக் கீழ்நோக்கி வீசுகிறது. அந்த வீச்சை விசிறியால் தடுக்க முடியாது. பளபளப்பான அலுமினியத் தாள் தடுக்கும், ஏனென்றால் அது சூடேறினாலும் மிகக் குறைவாகவே வெப்பத்தை வீசும். ஆனால் அந்தப் பளபளப்புக்கு முன்னால் ஒரு காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். தாளை இரண்டு பலகைக்கு நடுவே நெருக்கி வைத்தால், வெப்பம் தொட்டுத் தொட்டே கடந்து போய்விடும்.

சீலிங் போட வந்தவர் முதலில் தெர்மாகோல்தான் சொன்னார். விலை குறைவு, ஒரே நாளில் முடிந்துவிடும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உளி தீட்டக் கிரைண்டர் ஓடும்போது பொறி பறக்கிற இடம் அது. மூலையெல்லாம் மரத்தூள், தலைக்கு மேல் தெர்மாகோல் என்றால் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? ஜிப்சம் போர்டும் வேண்டாம் என்றேன். ஐப்பசி மழையில் ஆணி ஓட்டை வழியாக ஒழுகினால் ஊறி விழும். கடைசியில் தகரத்துக்குக் கீழே குமிழ் வைத்த அலுமினியத் தாள், அதற்கும் கீழே ஆறு அங்குலம் விட்டு, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலில் 6 எம்.எம். சிமெண்ட் ஃபைபர் போர்டு என்று முடிவானது.

இதில் ஒரு தவறு நடந்தது. பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும் என்று அந்த ஆறு அங்குல இடைவெளியை இரண்டு பக்கமும் பட்டை அடித்து மூடிவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், சாயங்காலம் ஏழு மணிக்கும் போர்டு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே அடைபட்ட சூடு போக வழியில்லை. ஏணி வைத்து ஏறி, மேற்கிலும் கிழக்கிலும் பட்டையைப் பிடுங்கிவிட்டு எலியும் அணிலும் புகாதபடி கம்பி வலை அடித்தேன். எங்கள் பக்கம் ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் வரும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. அதே போன்ற ஒரு மதியத்தில் மறுபடி அளந்தபோது, தகரம் 60, சீலிங்கின் அடிப்பக்கம் 41. காற்றின் சூடு மூன்று டிகிரிதான் குறைந்திருந்தது. ஆனால் தலை எரியவில்லை. அந்த வித்தியாசத்தை அனுபவித்தால்தான் தெரியும்.

வயரிங் எல்லாம் போர்டு மூடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாமான்களைத் தெற்கு மாரட் வீதியில் வாங்கினேன். எலக்ட்ரீஷியன் தம்பி, "ரெண்டு லைட்டுதானே சார், பிளக் லைன்லயே சேத்துருவோம்" என்றார். வேண்டாம் தம்பி என்று சொல்லி, விளக்குக்குத் தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. வயரில் தனி லைன், எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) போடச் செய்தேன். ரம்பம் பலகையில் சிக்கி லைன் டிரிப் ஆனால், ரம்பச் சக்கரம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் இருட்டும் சேரக் கூடாது. போர்டு மூடுமுன் வயர் போகும் பாதையை அளவு டேப்போடு படம் எடுத்து வைத்தது பின்னால் திருகு அடிக்கும்போது உதவியது.

விளக்கைப் பொறுத்தவரை நான் கற்றது, எத்தனை வாட்ஸ் என்பதைவிட எங்கே மாட்டுகிறோம் என்பதே முக்கியம். முன்பு இருந்த ஒரே டியூப் முதுகுக்குப் பின்னால் எரிந்தது. வெட்டும் கோட்டின் மேல் என் தலை நிழலே விழும். இப்போது மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, சற்று இடப்பக்கமாக, நாலடி எல்.இ.டி. டியூப் இரண்டு. நான் வலக்கைக்காரன், அதனால் கை நிழல் வெளியே போய்விடுகிறது. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. நீல வெளிச்சம் அடிக்கும் 6500 கெல்வினில் தேக்கின் நிறம் பிடிபடவில்லை, 4000க்கு மாற்றினேன். மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். அந்தத் துடிப்பில் சுழலும் சக்கரம் நிற்பதுபோல் தோன்றலாம், கை வைத்தால் போச்சு. கடையிலேயே போன் கேமராவில் பார்த்தேன். திரையில் கோடு கோடாக ஓடிய விளக்குகளை ஒதுக்கிவிட்டேன்.

சூடாக்க வேண்டிய இடம் என்று பார்த்தால் கருவி அலமாரி ஒன்றுதான். மழைக்காலத்தில் இழைப்புளி இரும்பில் துரு படரும். அலமாரியின் அடித்தட்டில் பழைய இழை வைத்த ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றை, எதுவும் தொடாதபடி, எரியவிட்டேன். பெயர்தான் ஜீரோ, பதினைந்து வாட்ஸ் வரை இழுக்கும், ஈரத்தைத் தள்ளி வைக்க அந்தச் சூடு போதும். இப்போது அதே பெயரில் வரும் எல்.இ.டி. பல்பு சூடே ஏறாது, இதற்கு ஆகாது.

மேற்குச் சுவர் மட்டும் பாக்கி. நாலு மணி வெயிலில் அது இன்னும் தகிக்கிறது. வெளிப்பக்கம் பந்தல் கால் நட்டாயிற்று, வரும் ஆடியில் அவரை போட வேண்டும்.