கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஆள் குறைகிறதா? ராமநாதபுரம் கடற்கரைக் கிளான்களின் கணக்கு

2025 ஏப்ரல் 14, திங்கள்

நள்ளிரவு முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பையன்கள் கரையில்தான். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் மொபைல் கேமில் நம் ஊர்க் கிளான்களின் (ஆட்டக் குழுக்களின்) சாட் களைகட்டும், "கேம் திரும்ப எழுந்திருச்சு" என்று பேச்சு வரும். போன மாதம் இதே சாட்டில் "கேம் செத்துப்போச்சு" என்றார்கள். அது ரமலான் மாதம். கீழக்கரை, பெரியபட்டினம் ஆட்கள் தராவீஹ் இரவுத் தொழுகை முடித்து சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) வரைக்கும்தான் உள்ளே வந்தார்கள், பகலில் ஒருவரும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வேறு. இந்த ஏற்ற இறக்கம் நம் ஊர் நாள்காட்டியுடையது, கேமுடையது அல்ல.

ஐபோனில் 2012 ஆகஸ்டிலும் ஆண்ட்ராய்டில் 2013 அக்டோபரிலும் வந்த கேம் இது. இத்தனை வயதான கேமில் ஆள் குறைகிறதா என்று கேட்பது நியாயம்தான். பதிலைச் சாட்டில் தேடக்கூடாது, எண்ணிப் பார்க்க வேண்டும்.

2025 ஏப்ரல் 19, சனி

முதலில், எண்ணக்கூடாதவை.

பிளே ஸ்டோரில் காட்டும் 50 கோடிக்கு மேற்பட்ட டவுன்லோடு மொத்தக் கணக்கு, ஒருபோதும் இறங்காது. ஊரைவிட்டுப் போனவர் பெயரும் கிடக்கும் வாக்காளர் பட்டியல் மாதிரி. வருமானத் தரவரிசையும் ஏமாற்றும். காசு கொடுத்து வாங்கும் கோல்டு பாஸைப் பலர், கேமை நடத்தும் சூப்பர்செல்லின் சொந்த இணையக் கடையில் வாங்குகிறார்கள், அந்தப் பணம் ஆப் ஸ்டோர் கணக்கில் ஏறாது.

மூன்றாவது, செத்த பேஸ், அதாவது ஆடியவர் கைவிட்டுப்போன கிராமம். அட்டாக் தேடும்போது எலிக்சர் என்ற வளம் சேரும் கலெக்டர் தளும்ப நிற்கும், முற்றமெல்லாம் புதரும் மரமும், வெட்டாத கல்லறைகள். பார்த்ததும் மனசு விட்டுவிடும். ஆனால் புதர் 8 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் முளைத்து ஓர் எல்லையில் நின்றுவிடும். அதனால் அந்த ஆள் போய் இரண்டு வாரமா இரண்டு வருடமா என்று பேஸைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய ஐடிகள் தேடலில் வந்துகொண்டேதான் இருக்கும்.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

நாளை காலை 10:30-க்கு சீசன் முடிகிறது, டொனேஷன் எண் (கிளான் ஆட்களுக்குக் கொடுத்த படையின் கணக்கு) பூஜ்ஜியமாகிவிடும். இன்றே குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கிளானைவிட்டுப் போய்த் திரும்பியவருக்கும் அது பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கும், அவரைச் சோம்பேறி என்று கிக் செய்ய வேண்டாம்.

அழியாத எண் வேண்டுமென்றால் சூப்பர்செல் இலவசமாகத் தரும் ஏபிஐயில் (கேம் தகவலை நிரல் மூலம் எடுக்கும் வழி) பிளேயர் டேக் என்ற ஆளின் அடையாளக் குறியைக் கொடுத்து அச்சீவ்மென்ட் பகுதியைப் பாருங்கள். 'ஃப்ரெண்ட் இன் நீட்' வாழ்நாள் டொனேஷன், 'கான்கரர்' மொத்த வெற்றி. மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்துக் கழித்தால் ஆள் ஆடினாரா என்று தெரிந்துவிடும். கடைசியாக எப்போது வந்தார் என்ற தகவல் ஏபிஐயில் கிடையாது, இந்தக் கழித்தல்தான் வழி.

இதில் தடுக்குவது மூன்று இடம். ஏபிஐ கீயை (அனுமதிக் குறியை) ஒரு ஐபி முகவரியோடு கட்டியிருப்பார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஐபி மாறியதும் 403 பிழை வரும், புது ஐபிக்குப் புது கீ எடுக்க வேண்டும். டேக்கின் முன்னாலிருக்கும் ஹேஷ் குறியை அப்படியே போட்டால் வேலை செய்யாது, %23 என்று எழுத வேண்டும். டேக்கில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தே இல்லை, அப்படித் தெரிவதெல்லாம் பூஜ்ஜியம்.

மார்ச் அப்டேட்டில் படை தயாராகும் காத்திருப்பு நேரத்தையே எடுத்துவிட்டார்கள். ஒரே ஆள் ஒரே உட்காரலில் வரிசையாக அட்டாக் போடலாம். ஆகவே மார்ச்சுக்கு முந்தைய வெற்றிக் கணக்கோடு இப்போதையதை ஒப்பிட்டால், ஆள் கூடாமலே கூடியதாகத் தெரியும்.

2025 மே 12, திங்கள்

கிளான்கள் மோதும் மாதப் போட்டியான கிளான் வார் (போர்) லீக் முடிந்தது. நம் கையில் இருக்கும் அளவுகோல்களில் இதுவே நம்பத்தக்கது.

ஒரு குழுவில் 8 கிளான். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு மோதும். 15-க்கு 15 என்றால் ஒரு நாளில் 4 வார், வாருக்கு 30 அட்டாக், ஆளுக்கு ஒன்றுதான். ஏழு நாளில் 840 வாய்ப்பு. ஒரே ஊர், ஒரே நட்பு வட்டம் என்ற குறை இதில் இல்லை, எதிர்க்கிளான்கள் எங்கிருந்தோ வருகிறார்கள். இதில் எத்தனை அட்டாக் போடாமல் வீணாயின என்பதைத்தான் எண்ண வேண்டும். மேப்பில் ஒவ்வொரு வாரிலும் பார்க்கலாம், ஏபிஐயிலும் எடுக்கலாம். அட்டாக் போடாதவர் பதிவில் அட்டாக் என்ற பகுதியே இருக்காது, அதை எண்ணினால் போதும். இன்னும் தொடங்காத சுற்றின் வார் டேக் '#0' என்று வரும், அதை விட்டுவிடுங்கள்.

ஆறாம், ஏழாம் நாளில் வீணாவது தானாகவே கூடும். ஏறுவதா இறங்குவதா என்று அதற்குள் முடிவாகிவிடுவதால் கை தளர்ந்துவிடுகிறது. எனவே முதல் நாளை ஏழாம் நாளோடு ஒப்பிடாமல், மே மூன்றாம் நாளை ஜூன் மூன்றாம் நாளோடு வையுங்கள். லீக் படிநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். கிறிஸ்டலில் வீணாவதும் மாஸ்டரில் வீணாவதும் ஒரே அளவில் இராது.

2025 மே 24, சனி

புது ஆள் கணக்கு. கிளானில் சேரும் டிஎச் (டவுன்ஹால் நிலை) 5, 6, 7 ஐடிகளில் பெரும்பகுதி பழைய ஆட்களின் இரண்டாவது, மூன்றாவது ஐடி. பெயருக்குப் பின்னால் '2.0' இருக்கும், கட்டும் வரிசை பிசகாது, சேர்ந்த உடனே லீடரைப் பேர் சொல்லிக் கூப்பிடும். நிஜமான புது ஆளின் பேஸில் சுவர் ஏறாமல் டவுன்ஹால் மட்டும் ஏறியிருக்கும், கிளான் கேஸிலில் படை கேட்கவே தெரியாது.

இந்த நிஜப் புது ஆள்தான் அரிதாகிவிட்டார். போன நவம்பரில் டிஎச் 17 வந்தாயிற்று. கட்டுமான நேரத்தையும் செலவையும் எவ்வளவு குறைத்தாலும், அடியிலிருந்து பார்ப்பவருக்கு உச்சி வருடக்கணக்கில் தள்ளி நிற்கிறது. ஒரு ஆளுக்கு நான்கு ஐடி இருக்கும்போது 50 பேர் கிளான் நிறைந்தே தெரியும், அவர் விலகும் அன்று நான்கு இடம் ஒன்றாகக் காலியாகும்.

2025 ஜூன் 12, வியாழன்

ஜூன் லீக் கணக்கு. நம் பக்கம் வீணான அட்டாக் மே மாதத்தைவிடக் கூடியிருக்கிறது. 2-ஆம் தேதி பள்ளி திறந்ததும், நடுவில் பக்ரீத் வந்ததும் காரணம். எதிர்க்கிளான்கள் ஏழிலும் அப்படி ஒன்றும் கூடவில்லை. கேமே சரிந்தால் எட்டுக் கிளானிலும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆட்கள் போகவில்லை, வாசலில்தான் கூட்டமில்லை. டிஎச் 7 பையன் ஒருவன் சேர்ந்தால் அவனை வார் பட்டியலில் ஓரமாக வைக்காமல், 5-க்கு 5 வார் ஒன்று தனியாகப் போட்டுக் கூட ஆட வையுங்கள். இதை லீடர்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

2025 ஜூன் 16, திங்கள்

தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடையே இல்லாததால் அவர்கள் கணக்கில் மாற்றம் வராது. விசைப்படகு ஆட்களுக்குக் கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும். அவர்கள் அட்டாக் விடுவதைக் கேமை விட்டதாக எழுதாதீர்கள்.

வார் நேரத்தை மாற்றினால் பாதி சரியாகும். தயாரிப்பு 23 மணி நேரம், போர் 24 மணி நேரம். திங்கள் காலை போய்ச் செவ்வாய் காலை திரும்பும் படகென்றால், திங்கள் காலை 10-க்கு எதிரி கிடைக்குமாறு தேடுங்கள். செவ்வாய் 9-க்குப் போர் தொடங்கி புதன் 9-க்கு முடியும். வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கும் செவ்வாய் மாலை முழுதாகக் கிடைக்கும். 50-க்கு 50 தேடாதீர்கள், அந்த அளவில் தேடும் கிளான் குறைவு என்பதால் வெகுநேரம் சுற்றும். 15-க்கு 15 போதும். லீக்கில் நேரத்தை மாற்ற வழியில்லை. அதற்கு 15-ஐவிட அதிகமாகப் பெயர் கொடுத்துவைத்து, கடல் நாளில் படகுக்காரர்களை எடுத்துவிட்டுக் கரை ஆட்களை இறக்குங்கள்.