மாமியார் வேடத்துக்குப் போட்டி

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதே மாவட்டத்து மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் தன்னார்வலர் அக்காக்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர்கள்.

மெஷினில் பட்டனை அழுத்துவது சீக்கிரம் வந்துவிடும். அதற்கு முந்தைய வேலைதான் பெரும்பாடு. ஆளை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில். பேசக்கூடாது. விறகு சுமந்து வந்த பாட்டியிடம் பேசாதே என்றால் நடக்குமா? இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி ஏற்றினாலும் அளவு மாறிவிடும். நாற்காலி இல்லாத வீட்டில் சுவரோரமாகத் திண்ணையில் உட்காரவைத்து, கைக்கு அடியில் போர்வையை மடித்து வைக்கலாம் என்று ஓர் அக்கா காட்டினார். இப்போது எல்லா வகுப்பிலும் அதைச் சொல்கிறேன்.

பிரஷர் 140/90-ஐத் தாண்டினால் உடனே பயமுறுத்தக்கூடாது. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மாத்திரையை முடிவு செய்வது டாக்டர். வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது இவர்கள்.

அப்புறம் வீடுகளில் கேட்கும் அந்தக் கேள்வி: "நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" இதற்குப் பதில் சொல்வதை நடித்தே பழகுகிறோம். அப்படிக் கேட்கும் மாமியார் வேடத்துக்குத்தான் போட்டி.