டெங்கு இரண்டாம் முறை வந்தால் ஏன் அதிக ஆபத்து?

டெங்கு வைரஸின் மேற்பரப்பில் ‘E’ எனப்படும் 180 புரதங்கள், 90 ஜோடிகளாகப் படுத்திருக்கின்றன. செல்லுக்குள் இழுக்கப்பட்டதும் அங்குள்ள அமிலத்தன்மையில் அவை மும்மூன்றாகச் சேர்ந்து நிமிர்ந்து, நுனியைச் செல் சவ்வில் செருகி வைரஸுக்கு வழி திறக்கின்றன. ஜோடியின் குறுக்கே அமரும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இந்த நிமிர்தலையே பூட்டிவிடும். நான்கு வகை டெங்குவையும் தடுக்கக்கூடியவை இவற்றில் உண்டு. அழகான பூட்டு!

ஆனால் ஒன்றிரண்டு ஒட்டினால் போதாது. டெங்குவின் உறவான மேற்கு நைல் வைரஸில் வலுவான ஓர் ஆன்டிபாடிக்கே சுமார் 30 மூலக்கூறுகள் தேவைப்பட்டன. அரைகுறையாக ஒட்டினால் நிலைமை தலைகீழ்: ஆன்டிபாடியின் வால், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்லின் மேலுள்ள ஏற்பியைப் பிடித்துக்கொள்ள, செயலிழக்காத வைரஸ் உள்ளே போய்ப் பெருகும். முதல் தொற்றில் உருவான ஆன்டிபாடிகள் பல வேறு வகை டெங்குவில் இப்படி அரைகுறையாகவே ஒட்டும்; இரண்டாவதாக வேறு வகை தொற்றும்போது நோய் கடுமையாக இது முக்கியக் காரணம்.

ஏற்கெனவே டெங்கு வந்தவர்கள் தயவுசெய்து அலட்சியமாக இருக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உடனே மருத்துவமனை.